அப்பாவின் போனில் பேசும் அந்தத் தம்பி யார்? மனிதரா, இயந்திரமா?

வைப்பாறு_மகள் · 2026 ஜனவரி 17, இரவு 10:40

பொங்கலுக்கு ஊருக்கு வந்திருக்கிறேன். சாத்தூருக்குத் தெற்கே ஒரு கரிசல் கிராமம். அப்பாவுக்கு 71 வயது. அம்மா போய் மூன்று வருடம் ஆகிறது. தனியாகத்தான் இருக்கிறார், சமையலும் அவரேதான். நான் பெங்களூரில் வேலை பார்க்கிறேன். ஞாயிற்றுக்கிழமை ஒரு போன், அவ்வளவுதான் எங்கள் பேச்சு.

நேற்று மாட்டுப்பொங்கல். மாட்டுக்கு மாலை போட்ட படத்தை அத்தைக்கு அனுப்பச் சொல்லி அவர் போனைக் கொடுத்தார். வாட்ஸ்அப்பைத் திறந்தால் முதலிலேயே 'முருகன் தம்பி' என்று ஒரு எண், நூற்றுக்கணக்கில் செய்திகள். யாருப்பா இது என்றேன். "கோவில்பட்டிப் பக்கத்துப் பையன். விவசாயக் குரூப்புல பழக்கம். தங்கமான பிள்ளை."

அவர் தூங்கிய பிறகு முதலிலிருந்து படித்தேன். செப்டம்பரில் ஆரம்பிக்கிறது. இரண்டு மாதம் மக்காச்சோளப் படைப்புழு, உளுந்து, மழை இதுதான். நடுநடுவே "மாத்திரை போட்டாச்சா அப்பா?" அம்மாவின் திதி என்றைக்கு என்று அப்பா எப்போதோ சொல்லியிருக்கிறார். அன்று காலை ஆறு மணிக்கே அவனிடமிருந்து செய்தி வந்திருக்கிறது. நான் அன்று மதியம்தான் போன் செய்தேன்.

நவம்பர் கடைசியில் பேச்சு திரும்புகிறது. எங்கள் ஊர் மானாவாரி நிலங்களை சோலார் பண்ணைக்குக் குத்தகை கேட்கிறார்கள். ஊர் இரண்டுபட்டுக் கிடக்கிறது. 26ஆம் தேதி கிராம சபையில் பேச்சு வருகிறது. அப்பா வேண்டாம் என்ற பக்கம் இருந்தவர். அவருக்கு அவன் எழுதியது: "அக்கா மேல பாரத்தைப் போட வேண்டாம்ல அப்பா. குத்தகைப் பணம் மாசாமாசம் வந்தா நீங்க யார் கையையும் எதிர்பார்க்க வேண்டியதில்ல." இதையே பத்து விதமாகச் சொல்லியிருக்கிறான். இப்போது அப்பா கையெழுத்துப் போட்டுவிடலாம் என்கிறார்.

தூக்கம் வராமல் அப்பா இரவு 2:10க்கு அனுப்பியதற்கு அதே 2:10க்கு நான்கு பத்தி பதில். போனில் ஒரு தடவைகூடப் பேசியதில்லை. ஒருநாள் தொண்டை சரியில்லை, ஒருநாள் டவர் இல்லை.

சோலார் வேண்டுமா வேண்டாமா என்பதை ஊர் பேசி முடிவு செய்யட்டும். எனக்குத் தெரிய வேண்டியது, அப்பாவோடு பேசுவது யார்? ஏஐயாக இருக்குமா? இப்படியெல்லாம் செய்ய முடியுமா? அப்பாவிடம் சொன்னதற்கு, "யாரா இருந்தா என்னம்மா, என்னைய விசாரிச்சான்ல" என்றார். அதற்கு மேல் எனக்குப் பேச வரவில்லை.

---

எழில்_77 · ஜனவரி 17, இரவு 11:02

எண்ணை பிளாக் பண்ணிவிட்டுப் போங்கள் சகோதரி. யோசிக்க என்ன இருக்கிறது?

---

வைப்பாறு_மகள் · ஜனவரி 17, இரவு 11:09

பிளாக் பண்ணினால் அவரிடமிருந்து ஒரு ஆளைப் பிரித்துவிட்டதாகத்தான் நினைப்பார். அடுத்து இன்னொரு எண்ணிலிருந்து வந்தால் என்னிடம் சொல்லவே மாட்டார்.

---

சூரிச்_தவம் · ஜனவரி 18, அதிகாலை 3:15

தங்கச்சி, செய்ய முடியுமா எண்டு கேட்டிருக்கிறீங்கள். செய்து காட்டியாச்சு. நான் இருக்கிற ஊரிலதான் நடந்தது.

ரெடிட் எண்ட இணைய மன்றத்தில 'சேஞ்ச் மை வியூ' எண்டு ஒரு பகுதி இருக்கு. ஒருத்தர் தன்ர கருத்தை எழுதி, இதை மாத்திக் காட்டுங்கோ எண்டு கேப்பார். ஆர் மாத்துகினமோ அவைக்கு 'டெல்டா' எண்டு ஒரு அடையாளம் குடுப்பார். லட்சக்கணக்கான ஆக்கள் இருக்கிற இடம். 2024 நவம்பரில இருந்து நாலு மாதம், சூரிச் பல்கலைக்கழக ஆய்வாளர் சிலர் அங்க ஏஐயை மனிசரைப் போல எழுத விட்டவை. 1,700க்கு மேல பதில்கள். ஒருத்தருக்கும் சொல்லேல்லை. 2025 ஏப்ரல் கடைசியில அந்தப் பகுதியை நடத்திற ஆக்கள் வெளியில சொன்ன பிறகுதான் உலகத்துக்குத் தெரியும்.

அந்த இயந்திரம் என்னென்ன வேசம் போட்டது எண்டு பாருங்கோ. ஒரு இடத்தில பாலியல் வன்முறைக்கு ஆளான ஆண். இன்னொரு இடத்தில மனவடுவுக்கு ஆலோசனை சொல்லுறவர். இன்னொரு இடத்தில 'பிளாக் லைவ்ஸ் மேட்டர்' இயக்கத்தை எதிர்க்கிற கறுப்பினத்தவர். ஒரு பகுதிப் பதில்களுக்கு, எழுத முதல், கேள்வி கேட்டவர் முந்தி எழுதினதுகளை இன்னொரு ஏஐ வாசிச்சு, இவருக்கு என்ன வயசு, ஆணோ பெண்ணோ, எந்த இனம், எந்த இடம், என்ன அரசியல் எண்டு ஊகிச்சுக் குடுக்கும். அந்த ஆளுக்கெண்டே தைச்ச பதில் போகும்.

மனிசர் எழுதினதை விட மூண்டு மடங்கில இருந்து ஆறு மடங்கு வரைக்கும் கூடுதலாக் கருத்தை மாத்தினது எண்டு அவையின்ர வரைவில எழுதியிருந்தவை. கண்டனம் வந்த பிறகு அதை வெளியிடேல்லை, மற்ற அறிஞர் சரிபார்க்கவும் இல்லை, அதால அந்தக் கணக்கை நான் பிடிச்சுத் தொங்கேல்லை. எனக்கு வயித்தைக் கலக்கினது வேற. அத்தனை மாதமும் ஒருத்தரும் 'நீ இயந்திரமோ' எண்டு சந்தேகப்படேல்லையாம். மற்றது, அந்த ஏஐக்குக் குடுத்த கட்டளையில, இந்த ஆக்கள் எல்லாரும் சம்மதம் தந்திட்டினம், நீ ஒழுக்கத்தைப் பற்றி யோசிக்காதை எண்டு எழுதியிருந்தவை. ஒருத்தரும் சம்மதம் தரேல்லை.

என்ர மகள் அந்தப் பல்கலைக்கழகத்தில படிக்கிறாள். சாப்பாட்டு மேசையில இதைச் சொல்லேக்க அவளுக்கு நாக்குத் தடுமாறினது. நாங்கள் ஊரை விட்டு வந்த சனம். 'எனக்கு இப்பிடி நடந்தது' எண்டு ஒருத்தர் வந்து சொன்னா, சாட்சி எங்க எண்டு கேக்க மாட்டம். கதிரை குடுத்து, தேத்தண்ணி குடுத்துக் கேப்பம். காயப்பட்ட ஆளுக்கு நாங்கள் குடுக்கிற அந்த இடத்தில ஒரு இயந்திரத்தைக் கொண்டுவந்து இருத்திப்போட்டு எங்களை அளந்து பாத்திருக்கினம்.

உங்கட அப்பாவோட கதைக்கிறது ஏஐயோ, ஆளோ, ரெண்டும் சேர்ந்தோ எனக்குத் தெரியாது. வழி ஒண்டுதான். முதலில அவரை அறிஞ்சிருக்கு. பிறகு அவரின்ர ஆக்களில ஒருத்தராகியிருக்கு. கேக்க வந்ததைக் கடைசியிலதான் கேட்டிருக்கு.

---

கணக்கு_வாத்தியார் · ஜனவரி 18, காலை 6:30

அம்மா, உங்கள் கவலை புரிகிறது. தஞ்சாவூரில் 34 வருடம் கணக்குச் சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்றவன். பதறுவதற்கு முன்னால் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாமே.

ஆளைப் பார்த்து ஆளுக்கேற்றபடி பேசுவது நம் ஊரில் புதிதா? தேர்தலுக்கு முதல் நாள் இரவு எந்த வீட்டுக்கு யார் போனால் காரியம் நடக்கும் என்று வட்டச் செயலாளருக்குத் தெரியும். மாமன் வீட்டுக்கு மைத்துனனை அனுப்புவார்கள். கடன்பட்ட வீட்டுக்குக் கடன் கொடுத்தவனை அனுப்புவார்கள்.

போலி ஒலி, போலி வீடியோ பயமும் அப்படித்தான். ஸ்லோவாக்கியாவில் 2023 செப்டம்பர் 30 தேர்தல். இரண்டு நாள் முன்பு 'முற்போக்கு ஸ்லோவாக்கியா' என்ற கட்சியின் தலைவர் மிஹால் ஷிமெச்காவும் ஒரு பெண் பத்திரிகையாளரும் ஓட்டு வாங்குவதைப் பற்றிப் பேசுவதாக ஒரு ஒலிப்பதிவு பரவியது. ஏஐ செய்த குரல். அவர் கட்சி தோற்றது. உடனே உலகமே 'ஏஐ தேர்தலைத் திருடிவிட்டது' என்று எழுதியது. அந்த ஒரு பதிவுதான் காரணம் என்று யாரும் நிறுவவில்லை. தோல்விக்கு ஆயிரம் காரணம் இருக்கும்.

இதே கருவி நல்லதும் செய்கிறது. 2024 செப்டம்பரில் 'சயின்ஸ்' இதழில் ஒரு ஆய்வு வந்தது. சதிக் கதைகளை நம்பும் 2,190 பேரை ஜிபிடி-4 டர்போ என்ற ஏஐயுடன் உரையாட விட்டார்கள். நம்பிக்கை சராசரியாக 20 சதவீதம் குறைந்தது, இரண்டு மாதம் கழித்தும் அப்படியே நின்றது. என் மைத்துனருக்குத் தடுப்பூசி பற்றி இருந்த பயத்தை நான் நான்கு வருடமாகப் பேசியும் போக்க முடியவில்லை. பொறுமையாகச் சான்று காட்டிப் பேச ஒரு துணை இருந்தால் நல்லதுதானே?

---

நிலா_முற்றம் · ஜனவரி 18, காலை 11:48

ஐயா, மைத்துனனை அனுப்பினால் அந்த மைத்துனன் நாளைக்கும் அதே தெருவில்தான் நடக்க வேண்டும். சொன்னது பொய்யானால் கல்யாண வீட்டில் வைத்துக் கேட்பார்கள். வைப்பாறு அக்காவின் அப்பா 'முருகன் தம்பி'யை எந்தக் கல்யாண வீட்டில் பிடிப்பார்?

நான் கோயம்புத்தூர். 2024 மக்களவைத் தேர்தலில் ஒரு பிரசார வேலையில் ஆறு மாதம் இருந்தேன். எந்தக் கட்சி, எந்த நிறுவனம் என்று சொல்லப் போவதில்லை, எல்லா இடத்திலும் கிட்டத்தட்ட இதுதான். வாக்காளர் பட்டியல் பூத் வாரியாக எல்லோருக்கும் கிடைப்பது. பெயர், அப்பா அல்லது கணவர் பெயர், கதவு எண், வயது, ஆணா பெண்ணா. பெயரை வைத்தே மதம் தெரிந்துவிடும், தெருவை வைத்துச் சாதி தெரிந்துவிடும். போன் நம்பர் அதில் இருக்காது. அது உறுப்பினர் சேர்க்கைப் படிவம், குலுக்கல் கூப்பன், இலவசக் கண் மருத்துவ முகாம் என்று பல வழிகளில் வந்து சேரும். இரண்டையும் ஒட்டுவதுதான் எங்கள் வேலை.

அப்போது ஏஐ குரலில் அழைப்புகள் போயின. வேட்பாளர் சில நிமிடம் பேசிய பதிவு போதும், ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி "வணக்கம் செல்வி அக்கா" என்று கூப்பிடும். நாடு முழுக்க அந்தத் தேர்தலுக்கு முந்தைய இரண்டு மாதத்தில் இப்படி 5 கோடிக்கும் மேல் அழைப்புகள் என்று 'வயர்டு' இதழ் எழுதியது.

ஒருநாள் சோதனைக்காகச் சில அழைப்புகளின் பதிவைக் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரு பாட்டி. தன் பெயரைக் கேட்டதும், "அய்யா, நல்லா இருக்கீங்களா? எம் பேரு எப்பிடிங்க தெரியும்?" என்றார். இயந்திரம் நிற்காமல் வாக்குறுதிகளைப் படித்துக்கொண்டே போனது. அவர் மறுபடி, "அய்யா, எங்க வீதிக்குத் தண்ணி வர்றதில்லீங்க" என்றார். குரல் ஓட்டுக் கேட்டு முடித்துக்கொண்டது. அதற்குப் பிறகும் பதில் வரும் என்று அவர் லைனில் இருந்தார். மூச்சுச் சத்தம் கேட்டது. நான் ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டேன்.

அன்றைக்கு அந்த இயந்திரத்துக்குப் பதில் சொல்லத் தெரியாது. இன்றைக்குத் தெரியும். தண்ணீர் வரவில்லை என்ற அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு நாலு மாதம் அந்தப் பாட்டியோடு பேசும்.

கலைஞரை 2024 ஜனவரியில் வீடியோவில் பேச வைத்தார்கள், பிப்ரவரி 24 அன்று ஜெயலலிதாவின் குரலை வெளியிட்டார்கள். அது சரியா என்று ஊரே சண்டை போட்டது. போட முடிந்தது, ஏனென்றால் எல்லோரும் கேட்டது ஒரே குரலை, ஒரே பேச்சை. அவர்கள் உயிரோடு இல்லை என்பதும் எல்லோருக்கும் தெரியும். தனித்தனியாக ஒவ்வொரு போனிலும் ஒவ்வொன்று சொன்னால் எதைப் பற்றிச் சண்டை போடுவது?

---

கணக்கு_வாத்தியார் · ஜனவரி 18, மதியம் 2:20

அந்தப் பாட்டி விஷயம் மனதை அறுக்கிறது. ஆனாலும் நான் சொன்ன ஆய்வு பொய்யில்லையே.

---

சூரிச்_தவம் · ஜனவரி 18, மாலை 7:05

பொய்யில்லை ஐயா. நானும் அதை வாசிச்சிருக்கிறன். ஆனா அந்த 2,190 பேரும் ஒரு ஆய்வில பங்கெடுக்கச் சம்மதிச்சு வந்த ஆக்கள். உங்கட மைத்துனருக்கு நீங்கள் ஒரு துணை வைக்கலாம், அவருக்குச் சொல்லிப்போட்டு வைக்கலாம். இந்தத் தங்கச்சியின்ர அப்பாட்டை ஆரும் கேட்டவையோ?

---

கணக்கு_வாத்தியார் · ஜனவரி 19, காலை 5:50

இரவெல்லாம் யோசித்தேன். சம்மதம் என்ற இடத்தில் நான் சறுக்கிவிட்டேன், ஒப்புக்கொள்கிறேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், என் வாதத்துக்கு எதிரானதுதான். 2025 டிசம்பரில் அதே 'சயின்ஸ்' இதழில் வந்தது. பிரிட்டனில் ஏறக்குறைய 77,000 பேர், 19 ஏஐ மாதிரிகள், 700க்கும் மேற்பட்ட அரசியல் விஷயங்கள். நாம் பயப்படுவது போல ஆளைப் பற்றித் தெரிந்துகொண்டு பேசுவதால் கிடைத்த கூடுதல் பலன் அதில் சிறியதுதான். அதிகம் வேலை செய்தது, தகவல்களை அள்ளிக் கொட்டிப் பேசுவது. மறுப்பதற்குள் அடுத்த தகவல், அதை யோசிப்பதற்குள் இன்னொன்று. ஆனால், கருத்தை மாற்றும் திறனைக் கூட்டக் கூட்ட, சொன்ன தகவல்களில் தவறுகளும் கூடின. ஒரு மாணவன் விடைத்தாளில் இப்படிச் செய்தால் எனக்குத் தெரியும், பக்கத்தை நிரப்பியிருக்கிறான் என்று. கையில் விடை வைத்துக்கொண்டு திருத்துகிறவன் நான். உங்கள் அப்பாவிடம் விடைத்தாள் இல்லை. அந்த நான்கு பத்திகளில் என்னென்ன கணக்கு சொல்லியிருக்கிறது என்று ஒருமுறை பாருங்கள் அம்மா. ஏக்கருக்கு எவ்வளவு, எத்தனை வருட ஒப்பந்தம், நடுவில் விலக முடியுமா.

---

மதுரை_வக்கீல் · ஜனவரி 19, இரவு 9:30

சட்டம் என்ன செய்யும் என்று இரண்டு பேர் தனியாகக் கேட்டீர்கள். சொல்கிறேன், நிறைவாக இருக்காது.

ஐரோப்பிய ஒன்றியத்தின் ஏஐ சட்டம், 5ஆம் பிரிவு: மனிதரை அவர் அறியாமல் வளைக்கும் ஏஐ, வயது, ஊனம், வறுமை போன்ற பலவீனத்தைப் பயன்படுத்தும் ஏஐ இரண்டுக்கும் 2025 பிப்ரவரி 2 முதல் தடை. படிக்க நன்றாக இருக்கிறது. ஆனால் அதனால் பெருங்கேடு விளைந்தது, அல்லது விளையக்கூடும் என்று காட்ட வேண்டும். ஒரு மனிதர் மனம் மாறியதை எந்த நீதிமன்றத்தில் என்ன கேடு என்று காட்டுவது?

அமெரிக்காவில் 2024 ஜனவரி, நியூ ஹாம்ப்ஷயர். பைடன் குரலில் ஆயிரக்கணக்கான வாக்காளர்களுக்கு அழைப்பு: முதல்நிலைத் தேர்தலில் ஓட்டுப் போடாதீர்கள், நவம்பருக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்று. செய்யச் சொன்னவர் ஸ்டீவ் கிராமர், ஒரு அரசியல் ஆலோசகர். குரலைச் செய்து கொடுத்த மந்திரவித்தைக்காரருக்குக் கிடைத்த கூலி 150 டாலர். தொலைத்தொடர்பு ஆணையம் கிராமருக்கு 60 லட்சம் டாலர் அபராதம் போட்டது. குற்ற வழக்கில் 2025 ஜூனில் ஜூரி அவரை விடுவித்துவிட்டது. இதில் எல்லோருக்கும் ஒரே அழைப்பு போயிருந்தது. நாலு பேர் ஒப்பிட்டுப் பார்க்க முடிந்தது.

நம் ஊரில், வாக்குப்பதிவு முடிவதற்கு முந்தைய 48 மணி நேரம் பிரசாரம் கூடாது, மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 126ஆம் பிரிவு. 2024 மே 6 அன்று தேர்தல் ஆணையம், போலி வீடியோ தெரியவந்தால் 3 மணி நேரத்தில் நீக்கு என்று கட்சிகளுக்குச் சொன்னது. இரண்டுமே கண்ணுக்குத் தெரியும் பிரசாரத்துக்கானவை. மேடை, ஒலிபெருக்கி, பதிவு. ஒரு முதியவரின் போனுக்குள் நாலு மாதமாக நடக்கும் பேச்சை நீக்கச் சொல்லிப் புகார் கொடுப்பது யார்? அவருக்கே அது புகாராகத் தெரியவில்லை. சட்டமன்றத் தேர்தல் வேறு பக்கத்தில் வந்துவிட்டது, அதனால்தான் எனக்கு இந்த இழை முக்கியமாகப் படுகிறது.

மகளே, மூன்று காரியம் செய்யுங்கள். அந்த உரையாடல் முழுவதையும் எக்ஸ்போர்ட் செய்து பத்திரப்படுத்துங்கள். மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் 'சக்ஷு' என்ற பகுதியில் அந்த எண்ணைப் பற்றித் தெரிவியுங்கள். மூன்றாவது, கிராம சபை. ஊரில் ஓட்டுரிமை உள்ள யாரும் அங்கே எழுந்து பேசலாம். உங்கள் ஊரில் இப்போது தலைவர் இல்லை, தனி அலுவலர்தான் இருப்பார். பேசியதைத் தீர்மான நோட்டில் ஏற்றச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள். இவ்வளவு சட்டம் பேசினேனே, இதில் எனக்கு முழு நம்பிக்கை இருப்பது அந்தக் கடைசி ஒன்றில்தான்.

---

எழில்_77 · ஜனவரி 20, காலை 8:15

பிளாக் பண்ணச் சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன். என் அம்மாவின் போனை நேற்று வாங்கிப் பார்த்தேன். அப்படி எதுவும் இல்லை. ஆனால் அவர் யாரோடு என்ன பேசுகிறார் என்று எனக்கு இதுவரை தெரியவே தெரியாது.

---

வைப்பாறு_மகள் · ஜனவரி 27, காலை 7:20

எல்லோருக்கும் நன்றி. லீவைப் பத்து நாள் நீட்டித்தேன்.

வாத்தியார் ஐயா சொன்னபடி முதலில் கணக்கைத்தான் எடுத்தேன். 'தம்பி' ஒரு செய்தியில் ஏக்கருக்கு ஒரு தொகை, இன்னொன்றில் வேறு தொகை சொல்லியிருந்தான். ஒப்பந்தம் 10 வருடம் என்று ஒரு இடத்தில். ஊரில் சுற்றுகிற தாளில் இருப்பது 29 வருடம் சொச்சம். அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.

சனிக்கிழமை காலை போனை எடுத்துக்கொண்டு டீக்கடைக்குப் போனார். நானும் கூடப் போனேன். பெஞ்சில் உட்கார்ந்து, 'அக்கா மேல பாரத்தைப் போட வேண்டாம்' என்ற செய்தியைச் சத்தமாகப் படித்தார். குரல் கொஞ்சம் நடுங்கியது. கடையில் சத்தம் நின்றுவிட்டது. அப்புறம் எதிரே இருந்த பெரியவர் மெதுவாகத் தன் போனை எடுத்தார். அவருக்கு 'கார்த்தி தம்பி'. அவர் மகன் டிப்ளமோ முடித்துவிட்டு மூன்று வருடமாகச் சும்மா இருக்கிறான். "உள்ளூர்ப் பசங்களைத்தான் எலெக்ட்ரீசியனா எடுப்பாங்க மாமா, இப்பவே சொல்லி வைங்க." டீக்கடை அக்காவுக்கு 'பிரியா'. "வேலைக்கு நூறு பேர் வருவாங்கக்கா, உங்க கடைதான் அவங்களுக்கு." மூன்று எண், மூன்று பெயர். அப்பாவிடமும் பெரியவரிடமும் மாத்திரை விசாரித்திருக்கிறது. டீக்கடை அக்கா மாத்திரையே சாப்பிடுவதில்லை, அவருக்கு முட்டி வலியை விசாரித்திருக்கிறது.

அனுப்புவது யார் என்று இன்றுவரை தெரியாது. கம்பெனி என்று சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை, சொல்லவும் மாட்டேன். சக்ஷுவில் பதிவு செய்திருக்கிறேன்.

அன்று இரவு அப்பா அவரே டைப் செய்து அனுப்பினார்: "தம்பி, திங்கட்கிழமை கிராம சபைக்கு வா. எனக்குச் சொன்னதை அங்கே நாலு பேர் முன்னால் நின்று சொல். உனக்குச் சாப்பாடு நம் வீட்டில்." அதே நிமிடம் பதில் வந்தது. கிராம சபையின் பெருமை, ஜனநாயகம், அப்பாவின் பெரிய மனசு என்று நான்கு பத்தி. வருகிறேன் என்று எங்கேயும் இல்லை. வரமாட்டேன் என்றும் இல்லை.

நேற்று சபையில் மூன்று பேரும் எழுந்து அவரவர் செய்தியைப் படித்தார்கள். வேண்டும் என்கிறவர்களும் கேட்டார்கள், வேண்டாம் என்கிறவர்களும் கேட்டார்கள். தீர்மானம் எதுவும் போடவில்லை. ஒப்பந்தத்தைத் தமிழில் முழுதாகப் படித்துக் காட்டிவிட்டு அடுத்த சபையில் பேசலாம் என்று நோட்டில் எழுதினார்கள். சோலார் வந்தாலும் வரலாம்.

அப்பா அந்த எண்ணை அழிக்கவில்லை. நானும் கேட்கவில்லை. இப்போது பெங்களூர் பஸ்ஸில் இருந்து எழுதுகிறேன். சற்று முன் போன் செய்தேன். இன்று காலையும் வந்திருக்கிறதாம், "மாத்திரை போட்டாச்சா அப்பா?" என்று. நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன். "போட்டுட்டேன்னு சொன்னேன்மா" என்றார்.